ஈசிஜி நார்மல்னா தப்பிச்சோமா? வாசகர் கேள்வி, டாக்டரம்மா பதில்

பரம்பரையா வர்ற இதய நோயை ஈசிஜில கண்டுபிடிக்க முடியுமான்னு போன இதழ்ல ஒரு வாசகர் கேட்டிருந்தார், ஓரளவு முடியும் ஆனா அது மட்டும் போதாதுன்னு பதில் சொல்லியிருந்தேன். அதைப் படிச்சுட்டு வந்த கடிதங்கள்லேருந்துதான் இந்த இதழ் கேள்விங்க முழுக்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. இதுல பேசப்போறது மாரடைப்பு பத்தி இல்ல. மாரடைப்பு ரத்தக்குழாய்ல வர்ற அடைப்பு, சுகர், சிகரெட், கொழுப்பு எல்லாம் அதுக்குக் காரணம். இது இதயத்தோட தசையிலேயே வர்ற நோய், மரபணுல இருக்கற ஒரு மாற்றத்தால தசை தடிச்சோ, விரிஞ்சோ, தழும்பும் கொழுப்புமா மாறியோ போறது. ரிப்போர்ட்ல கார்டியோமயோபதின்னு எழுதுவாங்க.

கேள்வி: வணக்கம் டாக்டரம்மா. என் தம்பி 29 வயசுல வாலிபால் ஆடிட்டு இருக்கும்போதே கிரவுண்டுல விழுந்து இறந்துட்டான், ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல இதயம் எடை அதிகம், இடது பக்க சுவர் தடிப்புன்னு போட்டிருந்துச்சு. பயந்துபோய் நான் ஈசிஜி எடுத்தேன், நார்மல்னு சொல்லிட்டாங்க. எனக்கு 34 வயசு, 12 வயசுலயும் 6 வயசுலயும் ரெண்டு பசங்க இருக்காங்க, தம்பிக்கு 3 வயசுல ஒரு பொண்ணு. நான் நிம்மதியா இருக்கலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: தம்பியைப் பறிகொடுத்த வேதனையிலயும் உடனே போய் டெஸ்ட் எடுத்திருக்கீங்க, ரொம்ப சரியான காரியம். ஆனா ஒரு நார்மல் ஈசிஜியோட நிறுத்திடாதீங்கப்பா.

நீங்க எழுதினதைப் பாத்தா தம்பிக்கு இருந்தது ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதியா இருக்க வாய்ப்பு அதிகம், சுருக்கமா ஹெச்சிஎம். பிபி, வால்வு சுருக்கம்னு எந்தக் காரணமும் இல்லாம இதய சுவர் தானா தடிச்சுப்போற நோய் இது. அபூர்வமானதுன்னு நெனைக்காதீங்க, 500 பேர்ல ஒருத்தருக்கு இருக்கு. நிறைய பேர் ஒரு தொந்தரவும் இல்லாம 80 வயசு வரைக்கும் வாழ்ந்துட்டுப் போறாங்க, அதனாலயே வெளிய தெரியறதில்ல, சில பேருக்கு மட்டும் தடிச்ச தசைக்குள்ள மின்சார ஓட்டம் தாறுமாறாகி ஒரே நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சுடுது. 1958ல லண்டன்ல டொனால்ட் டியர்ங்கற போஸ்ட்மார்ட்டம் டாக்டர் இப்படி இறந்துபோன இளவயசுக்காரங்களோட இதயங்களை வச்சு எழுதின கட்டுரைலேருந்துதான் இந்த நோயைப் பத்தின இன்னைய மருத்துவமே வளந்துச்சுன்னு சொல்லலாம்.

ஹெச்சிஎம் இருக்கறவங்கள்ல பத்துல ஒம்பது பேருக்கு ஈசிஜில ஏதாவது மாற்றம் இருக்கும். கோடுங்க அளவுக்கு மீறி உயரமா போகும், கியூ வேவ்ங்கற பள்ளம் குறுகலா ஆழமா இறங்கும், மேல எழும்ப வேண்டிய டி வேவ் தலைகீழா தொங்கும். ஆனா மிச்சம் இருக்கற அந்த ஒருத்தருக்கு ஈசிஜி சுத்தமா நார்மலா வரும், உள்ள நோய் இருந்தும். அதனால ஈசிஜி கூட எக்கோவும், அதாவது இதயத்துக்கான ஸ்கேனும், கட்டாயம் எடுக்கணும். சாதாரணமா பெரியவங்களுக்கு சுவர் தடிமன் 15 மில்லிமீட்டரைத் தொட்டாதான் ஹெச்சிஎம்னு சொல்லுவோம், ஆனா உங்களை மாதிரி குடும்பத்துல ஏற்கனவே ஒருத்தருக்கு இருக்குன்னா 13 மில்லிமீட்டர்லயே உஷாராகணும். அதனால எக்கோ எடுக்கற டாக்டர்கிட்ட தம்பி இறந்த விஷயத்தை முதல் வாக்கியமா சொல்லுங்க, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் காப்பியையும் கைல கொண்டுபோங்க. சும்மா "செக்கப்"னு சொல்லி படுத்தீங்கன்னா 13 மில்லிமீட்டரை "பார்டர்லைன், பரவால்ல"ன்னு எழுதி அனுப்பிடுவாங்க.

யாரை முதல்ல பாக்கணும்னா, உங்க பசங்களுக்கு முன்னாடி தம்பியோட அந்த 3 வயசுப் பொண்ணு, அப்புறம் உங்க அப்பா அம்மா, நீங்க, கூடப்பிறந்தவங்க வேற யாராவது இருந்தா அவங்க. இந்த நோய் பெரும்பாலும் அப்பா அம்மால ஒருத்தர்கிட்ட இருந்தாலே பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு இருக்கற ரகம், ஆணா பெண்ணாங்கற வித்தியாசமே கிடையாது. உங்களுக்கு அந்த மாற்றம் வரலைன்னு ஜீன் டெஸ்ட்ல உறுதியாச்சுன்னா உங்க பசங்களுக்கு உங்க வழியா வராது, கதை அங்கயே முடிஞ்சுது. அப்படி உறுதியாகலன்னா குழந்தைங்களுக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையும், பெரியவங்களுக்கு மூணுலேருந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையும் ஈசிஜி, எக்கோ ரெண்டும் திரும்பத் திரும்ப எடுத்துட்டே வரணும், ஏன்னா சுவர் தடிக்கறது பிறந்த உடனே தெரியாது, நிறைய பேருக்கு வயசுக்கு வந்து மளமளன்னு வளர்ற காலத்துலதான் ஆரம்பிக்கும், சில பேருக்கு 40, 50 வயசுலகூட. உங்க 12 வயசுப் பையன் அந்தக் கட்டத்துல காலை வைக்கப்போறான், அவனை விட்டுடாதீங்க.

ஜீன் டெஸ்ட்டை எப்பவுமே நோய் இருந்தவங்ககிட்டேருந்துதான் ஆரம்பிக்கணும், தம்பி இல்லாததால அது கஷ்டம். ஆனா போஸ்ட்மார்ட்டம் நடந்த இடத்துல இதய தசைத் துண்டை மெழுகுக் கட்டில பதிச்சு வச்சிருக்க வாய்ப்பு இருக்கு, கேட்டுப் பாருங்க. ஹெச்சிஎம்ல ஜீன் டெஸ்ட் பண்ணா 30லேருந்து 60 சதவீதம் பேருக்குத்தான் காரணம் பிடிபடும், மத்தவங்களுக்கு பதில் கிடைக்காமலே போகலாம், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

நீங்க மேலூர்ங்கறதால இதையும் சொல்றேன். எம்ஒய்பிபிசி3ங்கற இதய தசை மரபணுல 25 எழுத்து விடுபட்டுப்போன ஒரு மாற்றத்தைப் பத்தி மதுரை, ஐதராபாத் விஞ்ஞானிகள் சேந்து 2009ல பெரிய ஆய்வு வெளியிட்டாங்க, நம்ம நாட்டுல சுமார் 4 சதவீதம் பேர்கிட்ட அது இருக்கு, அதாவது 25 பேர் நிக்கற ரேஷன் கியூல ஒருத்தர்கிட்ட. அதைக் கேட்டுட்டு யாரும் பதற வேண்டாம், அந்த மாற்றம் தனியா நோயைக் கொண்டுவர்றதை விட அதுகூட ஒட்டிக்கிட்டு வர்ற வேற மாற்றங்கள்தான் பல குடும்பங்கள்ல உண்மையான காரணம்னு பின்னாடி வந்த ஆய்வுங்க காட்டுது. லேப் ரிப்போர்ட்ல இந்த 25 எழுத்து விஷயம் வந்தா அதை மட்டும் வச்சு யாருக்கும் முத்திரை குத்தக்கூடாது.

இன்னொரு வேலை இருக்கு, அதுக்குக் காசு ஆகாது. வீட்ல இருக்கற வயசானவங்களை உக்கார வச்சு நம்ம வம்சத்துல சின்ன வயசுல யார் யார் எப்படி இறந்தாங்கன்னு கேளுங்க. "முனி அடிச்சுடுச்சு", "காத்து கருப்பு", "நல்லா நீச்சல் தெரிஞ்சவன் கிணத்துல போயிட்டான்", "ராத்திரி படுத்தவ காலைல எந்திரிக்கல", இப்படி நாலு கதை வரும். கதையைக் கதையா விட்டுட்டு பேரு, வயசு, என்ன பண்ணிட்டு இருக்கும்போது நடந்துச்சுங்கறதை மட்டும் ஒரு தாள்ல எழுதி, யாருக்கு யார் என்ன உறவுன்னு கோடு போட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. பத்து ஸ்கேன் தராத தகவலை அந்த ஒரு தாள் தரும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயசு, லாரி ஷெட் வச்சிருக்கார். நெஞ்சு பாரமா இருக்குன்னு போனோம், ஈசிஜி பாத்துட்டு அட்டாக்னு சொல்லி அவசரமா ஆஞ்சியோ பண்ணாங்க, குழாய் எல்லாம் க்ளீனா இருக்குன்னு வந்துச்சு, கேஸ் ட்ரபிள்னு மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு வேற ஊர்ல வேற ஆஸ்பத்திரில ஈசிஜி எடுத்தா அவங்களும் அதே மாதிரி பதறி ஐசியூல போட்டாங்க. எக்கோ ரெண்டு தடவையும் நார்மல்தான். ஏமாத்தறாங்களா டாக்டர்?
– வாசகி, நாமக்கல்

பதில்: இல்லம்மா, உங்களை யாரும் ஏமாத்தல. அந்த மாதிரி ஈசிஜியோட நெஞ்சு பாரம்னு ஒருத்தர் வந்தா நானும் ஆஞ்சியோவுக்குத்தான் அனுப்பியிருப்பேன், ஏன்னா முன்பக்க ரத்தக்குழாய் அடைக்கப்போற நிலைலயும் டி வேவ் இப்படித்தான் தலைகீழாகும், அதைத் தவறவிட்டா உயிர் போயிடும். எனக்கு இருக்கற வருத்தம் ஆஞ்சியோவுக்கு அப்புறம் நடந்ததுலதான். குழாய் சுத்தமா இருக்குன்னா ஈசிஜி ஏன் அப்படி இருக்குன்னு அடுத்த கேள்வி வந்திருக்கணும், கேஸ் ட்ரபிள் டி வேவை தலைகீழா ஆக்காது.

நீங்க அனுப்பின ஈசிஜி போட்டோவை பெருசாக்கிப் பாத்தேன். ஈசிஜி தாள்ல ஒரு சின்ன கட்டம் 1 மில்லிமீட்டர், உயரத்துக்கு 10 கட்டம் ஒரு மில்லிவோல்ட், இடது ஓரத்துல பெட்டி மாதிரி ஒரு கோடு இருக்கும் பாருங்க, அது அந்த அளவைக் காட்டத்தான். அவரோட வி3, வி4, வி5ல, அதாவது நெஞ்சுல ஒட்டிப் பாக்கற ஆறு லீடுல மூணுல, டி வேவ் 12 கட்டம் கீழ இறங்குது, அதே இடங்கள்ல அதுக்கு முன்னாடி மேல எழும்பற ஆர் வேவும் ரொம்ப உயரம். பத்து கட்டத்துக்கு மேல தலைகீழா இறங்கினா ராட்சத டி வேவ்னு சொல்லுவோம். இப்படி ஈசிஜி வச்சிருந்தவங்களை ஆராய்ஞ்சு 1970கள்ல ஜப்பான் டாக்டர்கள் ஒரு தனி ரகத்தையே அடையாளம் காட்டினாங்க, அதுல தடிப்பு இதயத்தோட நுனில மட்டும் இருக்கும், ஏபிகல் ஹெச்சிஎம்னு பேரு. நுனி மட்டும் தடிக்கறதால உள்ள இருக்கற அறை சீட்டுக்கட்டு இஸ்பேட் ஏஸ் மாதிரி தெரியும்.

சாதாரண எக்கோல இதய நுனி சரியா விழாம போறது உண்டு, விலா எலும்பு, நுரையீரல் காத்து எல்லாம் மறைக்கும், எடுக்கறவங்க அதைத் தேடிப் பாக்கலன்னா நார்மல்னுதான் ரிப்போர்ட் வரும். அதனால கார்டியாக் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுங்க, இல்லன்னா கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எக்கோ. ரெண்டுல ஒண்ணு போதும். போட்டோவை மட்டும் வச்சு நான் முடிவு சொல்ல முடியாது, நேர்ல பாக்கற இதய டாக்டர்தான் சொல்லணும், ஆனா "ஏபிகல் ஹெச்சிஎம் இருக்குமா சார், நுனியைப் பாத்துச் சொல்லுங்க"ன்னு நீங்களே வாய்விட்டுக் கேளுங்க, தப்பே இல்ல.

அதுவாத்தான் இருந்தா, மத்த ஹெச்சிஎம் ரகங்களை விட இது பொதுவா சாதுவானது. இருந்தாலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ங்கற ஒழுங்கில்லாத துடிப்பு வந்து ரத்தம் கட்டி பக்கவாதம் வர வாய்ப்பு இருக்கு, அதனால வருஷா வருஷம் பாக்கணும். உங்க பிள்ளைங்களுக்கும் ஈசிஜி, எக்கோ எடுத்துடுங்க. இப்ப உடனே செய்ய வேண்டியது, அவரோட இந்த ஈசிஜியை பர்ஸ்லயும் போன்லயும் எப்பவும் வச்சிருக்கறது. அடுத்த தடவை எந்த ஊர்ல ஐசியூவுக்குப் போனாலும் பழசைக் காட்டி "இது ஏற்கனவே இருக்கு"ன்னு சொன்னா, புதுசா ஏதாவது மாறியிருக்கான்னு அவங்க ஒப்பிட்டுப் பாக்க முடியும்.

நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரை பத்தியும் சொல்லிடறேன், நம்ம ஊர்ல நெஞ்சு வலின்னா பக்கத்து வீட்டுக்காரர் டப்பாலேருந்து எடுத்துக் கொடுத்துடுவாங்க. ஹெச்சிஎம்ல ரத்தம் வெளிய போற வழியையே தடிப்பு அடைக்கற ஒரு வகை இருக்கு, அவங்களுக்கு அந்த மாத்திரை பிபியை இறக்கி அடைப்பை இன்னும் கூட்டி மயக்கத்துல கொண்டுபோய் விடும். அதனால எந்த வகைன்னு தெரியற வரைக்கும் டாக்டர் சொல்லாம அதை வைக்காதீங்க.

கேள்வி: பையனுக்கு 17 வயசு, கபடில மாவட்ட டீம்ல இருக்கான். ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட்டுக்கு ஈசிஜி எடுத்தா மெஷினே "லெஃப்ட் வென்ட்ரிகுலர் ஹைப்பர்ட்ரோபி"ன்னு பிரிண்ட் பண்ணிடுச்சு. விளையாட்டையே விட்டுடணுமா? சாப்பிடவே மாட்டேங்கறான், அழறான்.
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: அந்த வார்த்தைக்கு இடது பக்க இதய சுவர் தடிப்புன்னு அர்த்தம், ஆனா மெஷின் கோட்டோட உயரத்தைத்தான் அளந்து சொல்லுது, சுவரை அது பாக்கவே இல்ல. ஒல்லியான நெஞ்சு, இளவயசு, தினமும் பயிற்சி, இந்த மூணும் இருந்தா கோடு உயரமா போறது சகஜம், கூட வேற எந்த மாற்றமும் இல்லன்னா விளையாட்டு வீரங்களுக்கு அதை நார்மல்னுதான் எடுத்துக்கறோம். நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 50க்குக் கீழ இருக்கறதுகூட அவங்களுக்கு சாதாரணம். பையன்கிட்ட முதல்ல இதைச் சொல்லி சாப்பிட வைங்க.

எது சாதாரணம் இல்லைன்னா, வி5, வி6 மாதிரி பக்கவாட்டு லீடுகள்ல டி வேவ் தலைகீழா இருக்கறது, டி வேவுக்கு முன்னாடி வர்ற எஸ்டி கோடு கீழ இறங்கறது, ஆழமான கியூ வேவ். இதெல்லாம் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் வராது. இத்தாலில விளையாட்டு வீரர்களைப் பத்தி ஒரு ஆய்வு 2008ல வந்துச்சு, டி வேவ் ஆழமா தலைகீழா இருந்தும் ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாத 81 பேரை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்ததுல 5 பேருக்குப் பின்னாடி இதய தசை நோய் வந்துச்சு. ஸ்கேன் காட்டறதுக்கு முன்னாடியே ஈசிஜி சொல்லிடுச்சு. அந்த மாதிரி ஈசிஜி இருக்கறவங்களை ஒரு எக்கோ நார்மல்னு சொல்லி ஒரேடியா விட்டுடக்கூடாது, வருஷா வருஷம் கூப்பிட்டுப் பாக்கணும்.

இத்தாலில 1982லேருந்து போட்டில கலந்துக்கறவங்க எல்லாருக்கும் ஈசிஜியோட பரிசோதனை சட்டப்படி கட்டாயம், வெனட்டோ பகுதில அதுக்கப்புறம் இளம் வீரர்களோட திடீர் மரணம் கிட்டத்தட்ட 90 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2006ல கணக்கு கொடுத்தாங்க. ஜப்பான்ல 1970கள்லேருந்தே பள்ளிக்கூடத்துல குழந்தைங்களுக்கு இதயப் பரிசோதனை நடக்குது, ஒண்ணாங்கிளாஸ், ஏழாங்கிளாஸ், பத்தாங்கிளாஸ்ல எல்லாருக்கும் ஈசிஜி. அமெரிக்கா இதைக் கட்டாயமாக்கல, ஒண்ணுமில்லாத பிள்ளைங்களைப் பயமுறுத்தற பொய்யான அலாரம் அதிகமாகும்னு அங்க வாதம். உங்க பையனுக்கு நடந்ததும் அதே பொய் அலாரமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் நான் இத்தாலி பக்கம்தான் நிப்பேன். 2003 ஜூன் 26ல பிரான்ஸ்ல லியோன் மைதானத்துல கேமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோ 28 வயசுல ஆட்டத்துக்கு நடுவுல சுருண்டு விழுந்து இறந்தார், பக்கத்துல ஒருத்தர்கூட இல்லாத இடத்துல, டிவில உலகமே பாத்துச்சு. பிரேதப் பரிசோதனைல தெரிஞ்சது ஹெச்சிஎம்.

பையனுக்கு ஒரு எக்கோ எடுங்க. ஓடும்போது எப்பவாவது மயங்கி விழுந்தானா, குடும்பத்துல சின்ன வயசு மரணம் இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க. ரெண்டும் இல்ல, எக்கோவும் சரி, டி வேவும் தலைகீழா இல்லாம மேல எழும்புதுன்னா டாக்டர் கையெழுத்து போட்டுடுவார், ஆடட்டும்.

கேள்வி: எனக்கு ஹெச்சிஎம்னு போன மாசம் சொன்னாங்க. மாமா பையனைக் கட்டினதாலதான் இப்படின்னு மாமியார் வீட்ல பேச்சு. பிறக்கப்போற குழந்தைக்கும் வருமா?
– பெயர் வேண்டாம், தேனி

பதில்: உங்களுக்கு வந்ததுக்கும் உங்க கல்யாணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா, நீங்க பிறக்கும்போதே இருந்த மரபணு அது, தாலி கட்டினதால எந்த ஜீனும் மாறாது. இதை அவங்ககிட்ட படிச்சுக் காட்டுங்க. உங்க வீட்டுக்காரர்கிட்டயும் அந்த மாற்றம் இல்லாத வரைக்கும், குழந்தைக்கு வர்ற வாய்ப்பு நீங்க யாரைக் கட்டியிருந்தாலும் அதே 50 சதவீதம்தான்.

சொந்தத்துல கட்டறது கேள்விக்குரியதா ஆகறது வேற ரக நோய்ங்கள்ல, அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேருந்தும் வந்து சேந்தாதான் நோயாகற ரகம். கிரீஸ்ல நாக்ஸோஸ்னு ஒரு தீவு, அங்க சில குடும்பங்கள்ல பிறக்கற குழந்தைங்களுக்கு முடி கம்பளி மாதிரி சுருண்டு இருக்கும், நடக்க ஆரம்பிச்சதும் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிச்சுப் போகும், வாலிபத்துல இதயத்தோட வலது பக்க தசை தழும்பாகி துடிப்பு தாறுமாறாகும். 1986ல அங்க இருந்த டாக்டருங்களே அதை எழுதி வெளியுலகத்துக்குச் சொன்னாங்க, 2000ல ஜீனும் கண்டுபிடிச்சாங்க. முடியையும் உள்ளங்கையையும் பாத்தே எந்தக் குழந்தைக்கு ஈசிஜி எடுக்கணும்னு சொல்லிட முடியுது. சொந்தத்துல கட்டின குடும்பத்துல இப்படி முடி, தோல் மாற்றத்தோட குழந்தை இருந்தா தோல் டாக்டரோட நிறுத்தாம இதயத்தையும் பாருங்க.

உங்க வீட்டுக்காரருக்கும் ஒரு எக்கோ எடுத்துடுங்க, அவரும் உங்க ரத்த சொந்தம்தானே. கர்ப்பம் ஆகறதுக்கு முன்னாடியே இதய டாக்டரைப் பாத்துப் பேசிடுங்க, ஹெச்சிஎம் இருக்கற பெரும்பாலான பெண்கள் நல்லபடியா பெத்துக்கறாங்க.

கேள்வி: 22 வயசு எனக்கு, காலேஜ்ல ஓட்டப்பந்தயத்துல மயங்கி விழுந்தேன். ஈசிஜில வி1லேருந்து வி3 வரைக்கும் டி இன்வர்ஷன், "பெண்களுக்கு இது சகஜம்"னு சொல்லிட்டாங்க. விட்டுடலாமா மேடம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: விடாதம்மா. குழந்தைங்களுக்கு வி1லேருந்து வி3 வரைக்கும் டி வேவ் தலைகீழா இருக்கறது இயல்பு, 14 வயசு வாக்குல சரியாகிடும், சில பெண்களுக்கு பெரியவங்களானப்புறமும் அப்படியே இருக்கறதும் உண்மைதான். அவங்க சொன்னது பொய் இல்ல. ஆனா ஓடும்போது மயங்கி விழுந்ததை அதோட சேத்துப் படிச்சா அர்த்தமே மாறுது. வெயில்ல நின்னு மயங்கறது வேற, ஓட்டத்துக்கு நடுவுல சுவிட்ச் அணைச்ச கணக்கா விழறது வேற, ரெண்டாவதை எந்த டாக்டரும் லேசா எடுத்துக்கக்கூடாது.

வலது பக்க இதய தசை தழும்பாகற ஏஆர்விசிங்கற நோய்ல இதே வி1-வி3 மாற்றம் முக்கியமான அடையாளம். சில பேருக்கு பெரிய கோடு முடிஞ்ச உடனே எப்சிலான்னு ஒரு குட்டி நெளிவு தெரியும், உத்துப் பாத்தாதான் தெரியும். ஓட்டம், சைக்கிள் மாதிரி கடும்பயிற்சி இந்த நோயை வேகமா வளக்கும், அதனால முடிவு தெரியற வரைக்கும் கிரவுண்டு பக்கம் போகாதே, இது என்னோட கண்டிப்பான வார்த்தை. எக்கோ, உடம்புல மாட்டிக்கிட்டே 24 மணி நேரம் ஈசிஜி பதியற ஹோல்டர், கார்டியாக் எம்ஆர்ஐ மூணும் வேணும். நுரையீரல்ல ரத்தக்கட்டி இருந்தாலும் ஈசிஜி இப்படி வரலாம், அதையும் பாக்கச் சொல்லு. இந்த வாரமே போ.

கேள்வி: அம்மாவுக்கு 44 வயசுல பேஸ்மேக்கர், பெரிய மாமாவுக்கு 41ல பேஸ்மேக்கர், இப்ப அண்ணனுக்கு 36 வயசுல இதயம் பம்ப் பண்றது வீக்னு சொல்றாங்க. யாருக்கும் சுகர், பிபி கிடையாது. தனித்தனி வியாதியா, ஒரே வியாதியா?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: ஒரே வியாதியா இருக்கத்தான் வாய்ப்பு, நீங்க கேட்ட கேள்வியிலயே பாதி பதில் இருக்கு. லாமின்ங்கற ஒரு மரபணு, அதுல கோளாறு இருந்தா முதல்ல மின்சார வழி கெடும், தசை அப்புறம்தான் தளரும், நடுவுல பல வருஷம்கூட ஓடலாம். ஈசிஜில முதல்ல வர்ற பி வேவ்ங்கற சின்ன மேடு ஆரம்பிச்சு அடுத்த பெரிய கோடு தொடங்கற வரைக்கும் மூணுலேருந்து அஞ்சு சின்ன கட்டம் இருக்கணும், அதாவது 0.12லேருந்து 0.20 செகண்ட். அது ஆறு, ஏழுன்னு நீண்டுட்டே போறதுதான் பல குடும்பங்கள்ல முதல் தடயம், அந்த நேரத்துல எக்கோ நார்மலா இருக்கும்.

அண்ணனுக்கு ஜீன் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. லாமின்னு உறுதியானா வெறும் பேஸ்மேக்கர் போதாது, ஷாக் கொடுத்து திடீர் மரணத்தைத் தடுக்கற ஐசிடிங்கற கருவி வேணுமான்னு பேசணும், ஏன்னா இந்த ரகத்துல பம்ப் ரொம்ப வீக்காகறதுக்கு முன்னாடியே ஆபத்தான துடிப்பு வந்துடும். அம்மா, மாமா ரெண்டு பேருக்கும் இப்ப ஒரு எக்கோ, உங்களுக்கு ஈசிஜி, எக்கோ, ஹோல்டர்.

கேள்வி: எக்கோ, எம்ஆர்ஐ எல்லாம் வந்தாச்சே, இன்னும் இந்தப் பழைய ஈசிஜி எதுக்கு? என் ஸ்மார்ட் வாட்ச்லயே ஈசிஜி வருது.
– வாசகர், ஓசூர்

பதில்: எக்கோ வடிவத்தைக் காட்டும், ஈசிஜி மின்சாரத்தைக் காட்டும், ரெண்டும் ஒத்துப்போகாதப்பதான் உண்மையான காரணம் பிடிபடும். சுவர் தடிமனா இருக்கு ஆனா ஈசிஜி கோடு குள்ளமா இருக்குன்னா தடிச்சது தசை இல்ல, அமிலாய்டுங்கற புரதம் படிஞ்சிருக்கலாம், அதுக்கு வைத்தியமே வேற. தடிப்போட சேந்து பி வேவுக்கும் பெரிய கோட்டுக்கும் நடுவுல இடைவெளி குறுகலா இருந்தா ஃபேப்ரி மாதிரி, கரைய வேண்டிய பொருள் செல்லுக்குள்ளயே சேந்துபோற நோய்ங்களைத் தேடணும். எக்கோ ரிப்போர்ட் இத்தனையையும் "ஹைப்பர்ட்ரோபி"ங்கற ஒரே வார்த்தைல முடிச்சுடும்.

வாட்ச் எடுக்கறது ஒரே ஒரு லீட், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பிடிக்க அது உதவும். ஆஸ்பத்திரில பத்து இடத்துல ஒட்டி 12 கோணத்துலேருந்து பாக்கறோம், நான் மேல சொன்ன வி1லேருந்து வி6 எதுவும் வாட்ச்ல வராது. ஈசிஜியைப் படிச்சு ஹெச்சிஎம் சந்தேகத்தைச் சொல்ற ஏஐ மென்பொருள் ஒண்ணுக்கு அமெரிக்கால 2023ல அனுமதி கொடுத்தாங்க, எனக்கு அதுல நல்ல நம்பிக்கை இருக்கு, ஆனா 500ல ஒருத்தருக்கு இருக்கற நோயைத் தேடும்போது மெஷின் கை காட்டற பல பேருக்கு ஒண்ணும் இருக்காது, கடைசில எக்கோ எடுத்து ஒரு டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

கேள்வி: அப்பாவோட 8 வருஷத்துக்கு முந்தின ஈசிஜி தாள்ல கோடே தெரியல, மங்கிப்போச்சு. லேமினேட் பண்ணா காப்பாத்தலாமா?
– வாசகி, சிவகாசி

பதில்: வேண்டாம்மா, பண்ணிடாதீங்க. அது சூடு பட்டா கருக்கற தெர்மல் தாள், லேமினேஷன் மெஷினுக்குள்ள போனா மொத்தத் தாளும் கருப்பாகிடும். மங்கின தாளை வெளிச்சத்துல வச்சு போன்ல போட்டோ எடுத்து கான்ட்ராஸ்ட் கூட்டிப் பாருங்க, பல சமயம் கோடு ஓரளவு திரும்பத் தெரியும். இனிமே எடுக்கற ஈசிஜியை அன்னைக்கே ஜெராக்ஸ் போட்டுடுங்க, ஓரத்துல பேரு, வயசு, தேதி, அப்ப நெஞ்சு வலி இருந்துச்சா இல்லையாங்கறதை பேனால எழுதி வைங்க. போட்டோ எடுக்கும்போது இடது ஓரத்துல இருக்கற அந்தப் பெட்டிக் கோடும், கீழ சின்னதா அச்சடிச்சிருக்கற செகண்டுக்கு 25 மில்லிமீட்டர்ங்கற வேகமும் சேந்து விழணும், அது இல்லாம வெட்டி அனுப்பினா உயரத்தையும் நேரத்தையும் எங்களால அளக்க முடியாது.